பெட்டியில் 250 ஆம்பியர், வீட்டு வயரில் எவ்வளவு? – பட்டறைக் கேள்வி பதில்

நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெல்டிங் பற்றியவை. வீட்டுக் கொட்டகையில் வைத்துக்கொள்ள, கைக்கு அடக்கமான விலையில் எதை வாங்குவது என்பதே அவற்றின் சாரம். அதனால் இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

வாசகர், கோத்தகிரி: ஐயா, கேட், அலமாரி, தண்ணீர் டேங்க் ஸ்டாண்டு மாதிரி சின்ன வேலைகளை வீட்டிலேயே செய்துகொள்ள ஆசை. கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. ஆன்லைனில் 250 ஆம்பியர் மெஷின் 5,000 ரூபாய்க்கு வருகிறது. கடையில் 200 ஆம்பியர் மெஷினுக்கு 9,000 சொல்கிறார்கள். விலை குறைவு, ஆம்பியர் அதிகம் என்றால் முதலாவதையே வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த 250 என்ற எண் பெட்டியின் மேல்தான் இருக்கும், உள்ளே இருக்காது. இதைக் கண்டுபிடிக்க மெஷினைத் திறக்க வேண்டாம், பின்பக்கத்துத் தகட்டைப் படித்தால் போதும்.

ராடு வெல்டிங்கில் ஆர்க் (ராடு நுனிக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்பொறி) வோல்டேஜைக் கணக்கிட ஒரு நிலையான சூத்திரம் உண்டு: ஆம்பியரை 0.04 ஆல் பெருக்கி 20 கூட்டுங்கள். 200 ஆம்பியருக்கு 28 வோல்ட், அதாவது 5,600 வாட். இன்வெர்ட்டர் மெஷினின் (எலக்ட்ரானிக் போர்டில் ஓடும் இந்தக் கால மெஷின்) திறன் 85 சதவீதம், பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு) 0.7 என்று வைத்தால், 230 வோல்ட் லைனிலிருந்து அது ஏறக்குறைய 41 ஆம்பியர் இழுக்க வேண்டும். தகட்டில் 'ஐ1 மேக்ஸ்' என்று ஓர் எண் இருக்கும். மெஷின் லைனிலிருந்து இழுக்கும் உச்ச கரண்ட் அது. வெளியே 250 கொடுப்பேன் என்று சொல்லிவிட்டு ஐ1 மேக்ஸ் 20 என்று போட்டிருந்தால், இரண்டில் ஒன்று பொய். தகடே இல்லாத மெஷினைத் தொடவே வேண்டாம்.

உங்கள் வேலைக்கு 200 ஆம்பியரும் தேவையில்லை. கேட்டுக்கும் ஸ்டாண்டுக்கும் வாங்கும் ஸ்கொயர் டியூப் 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. கனம். எல் ஆங்கிள் 3 மி.மீ., மிஞ்சிப்போனால் 5 மி.மீ. 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர் போதும், 3.15 மி.மீ. ராடுக்கு 90 முதல் 130. ஆகவே 'உண்மையான' 140 ஆம்பியரை 60 சதவீத டியூட்டி சைக்கிளில் தரும் மெஷின் உங்களுக்குத் தாராளம். 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் தொடர்ந்து எரிக்கலாம், நான்கு நிமிடம் ஓய்வு. ஒரு 2.5 மி.மீ. ராடு எரிந்து தீர சுமார் ஒரு நிமிடம். பிறகு இணைப்பின் மேல் படியும் கசடைத் தட்டி, பிரஷ் போட்டு, அடுத்த ராடு மாட்டுவதற்குள் மெஷினுக்கு வேண்டிய ஓய்வு தானாகவே கிடைத்துவிடும். அந்த சதவீதம் எந்த வெப்பநிலையில் என்பதையும் பாருங்கள். 40 டிகிரிக்குக் கொடுத்திருந்தால் நம்பலாம். 20 டிகிரிக்குக் கொடுத்து அழகு காட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

கடைக்காரர் சொல்லாத ஒன்று உண்டு. இந்த மெஷின்களுக்கான சர்வதேசத் தரம் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரம் வரைக்குமானது. ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100. அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், மெஷினின் ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் சூட்டைக் குறைவாகவே எடுத்துச் செல்லும். நல்லவேளையாக மலையில் குளிர் இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடுகின்றன. ஆனால் தகரக் கொட்டகைக்குள் மதிய வெயிலில் வேலை செய்கிறவர் இந்த ஈட்டை எதிர்பார்க்கக் கூடாது.

கடையிலேயே சோதித்து வாங்குங்கள். 90 ஆம்பியரில் வைத்து மூன்று ராடுகளை அடுத்தடுத்து எரிக்கச் சொல்லுங்கள். அணையாமல், திக்காமல் எரிய வேண்டும். கூடக் கொடுக்கும் கேபிளின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறத்துக்குள் வெள்ளை தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், சூடாகும், ஹோல்டர் அருகே முறியும். பணத்தில் 8,000 முதல் 9,000 மெஷினுக்கு, 2,500 நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டருக்கு, 1,500 வெளிச்சம் பட்டதும் தானே கறுக்கும் ஆட்டோ டார்க் ஹெல்மெட்டுக்கு. மிச்சத்தில் தோல் கையுறை, சிப்பிங் சுத்தியல், வயர் பிரஷ், ராடு வாங்கி, வயரிங்குக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். சர்வீஸ் சென்டர் கோயம்புத்தூரிலாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். போர்டு போனால் மலையில் அதைப் பார்ப்பவர் குறைவு.

வாசகர், குன்னூர்: வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. வீட்டிலிருந்து கொட்டகை 30 மீட்டர். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஓட்டுகிறேன். பகலில் சுமாராக ஓடுகிறது. சாயங்காலம் ஆனால் ராடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது, சில சமயம் எம்.சி.பி. (லோடு மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) விழுகிறது. மெஷின் பழுதா?

பதில்: மெஷினைக் குறை சொல்லும் முன் அந்த எக்ஸ்டென்ஷன் வயரைப் பாருங்கள். கடையில் விற்கும் சாதாரண எக்ஸ்டென்ஷனில் இருப்பது 1 சதுர மி.மீ. வயர். 30 மீட்டர் என்றால் கரண்ட் போய் வர 60 மீட்டர், மின்தடை சுமார் 1.2 ஓம். 80 ஆம்பியரில் வெல்டிங் செய்யும்போது மெஷின் லைனிலிருந்து 14 ஆம்பியர் வரை எடுக்கும். வயரிலேயே 16 வோல்ட் தின்னப்படுகிறது. சாயங்காலம் ஊரே விளக்குப் போட்டு, வெந்நீருக்கு கீசர் போட்டு, லைன் 190 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும்போது உங்கள் மெஷினுக்குப் போய்ச் சேர்வது 175-க்கும் கீழே. இன்வெர்ட்டர் மெஷினின் சுபாவம், வோல்டேஜ் குறைந்தால் அதே வேலைக்கு இன்னும் அதிக கரண்டை இழுக்கும். அதனால் வயர் மேலும் சூடாகும், வோல்டேஜ் மேலும் விழும், கடைசியில் எம்.சி.பி. விழும். சுருட்டிய நிலையில் எக்ஸ்டென்ஷனை வைத்து ஓட்டினால் உள்சுற்று உருகிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். மெயின் போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. செம்பு வயரைத் தனியாக இழுத்து, சி வகை 25 ஆம்பியர் எம்.சி.பி. போட்டு, கொட்டகையில் 32 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டில் முடியுங்கள். அதே 30 மீட்டரில் வோல்டேஜ் இழப்பு நான்கைந்து வோல்ட்டாகக் குறைந்துவிடும். பி வகை எம்.சி.பி. வேண்டாம். மெஷினை ஆன் செய்யும் கணத்தில் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஒரே இழுப்பாக இழுக்கும், பி வகை அதற்கே விழும். மூன்றாவது வயர், அதாவது எர்த், கட்டாயம். உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு, குறைவாக இருந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள்.

வயரிங்குக்கு இப்போது பணமில்லை என்றால், மெஷினை வீட்டு 16 ஆம்பியர் சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே வைத்து, 80 ஆம்பியருக்கு மேல் போகாமல், 2.5 மி.மீ. ராடோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேலையை மெஷினிடம் கொண்டுவருவது உத்தமம். முடியாவிட்டால் ஹோல்டர் பக்கத்துக் கேபிளை நீட்டுங்கள். 25 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் 10 மீட்டர் தள்ளிப் போனாலும் ஒன்றரை வோல்ட்கூடக் குறையாது.

ராடு ஒட்டுவதற்கு இன்னொரு காரணம் எர்த் கிளாம்ப், அதாவது வெல்டிங் செய்யும் இரும்பைக் கடித்துக்கொண்டு கரண்டை மெஷினுக்குத் திருப்பும் கிளிப். பெயிண்ட் மேலும் துருவின் மேலும் கடித்துக்கொண்டிருக்கும் கிளாம்ப் பாதி கரண்டைத்தான் விடும். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு கிரைண்டரில் பளபளவென்று தேய்த்துவிட்டு மாட்டுங்கள். கூரைத் தூணில் மாட்டிவிட்டு வேறொரு மூலையில் வெல்டிங் செய்வது ஆபத்து. கரண்ட் திரும்பி வரும் வழியை நீங்கள் தீர்மானிக்க வேண்டும், கட்டடம் தீர்மானிக்கக் கூடாது.

வாசகர், கூடலூர்: ஜூன் பிறந்தால் எங்கள் பக்கம் மூன்று மாதம் மழைதான். ராடு பாக்கெட்டைப் பிரித்து ஒரு வாரத்தில் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. வெயிலில் வைத்தால் சரியாகுமா?

பதில்: எந்த வெயிலில்? அந்த மாதத்தில் கூடலூரில் வெயிலை நம்பித் துணியையே காயப்போட முடியாது.

ராடின் மேல் பூச்சு ஈரத்தை உறிஞ்சும். ஈரமான ராடு படபடவென்று வெடித்து எரியும், தெறிப்பு அதிகம், பற்றில் (வெல்டிங் இணைப்பில்) ஊசித் துளைகள் விழும், கசடு சுலபமாகக் கழலாது. பூச்சின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தாலோ, உள்கம்பி துருப்பிடித்திருந்தாலோ அந்த ராடைக் காயவைத்துப் பிரயோஜனமில்லை, தூக்கிப் போடுங்கள். மற்றவற்றைக் காப்பாற்றலாம். நீங்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் 6013 வகையாக இருக்கும். பாக்கெட்டில் ஐ.எஸ். 814 என்ற இந்தியத் தர முத்திரையோடு பார்க்கலாம். அதை 100 முதல் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் காயவைத்தால் போதும். கேக் செய்யும் ஓவன் போதுமானது, ஆனால் சமையலுக்குப் பயன்படுத்தும் ஓவனில் வேண்டாம். சூட்டைக் கூட்டிவிடாதீர்கள். 6013-இன் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் தேவை, முழுக்க வறுத்துவிட்டால் ஆர்க் கெட்டுப்போகும். 7018 என்ற வகை ராடு இதற்கு நேர் எதிர். அதை 300 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சுட்டு, சூடாகவே எடுத்துப் பயன்படுத்த வேண்டும். வீட்டு ஓவன் அவ்வளவு தூரம் போகாது. கேட்டுக்கும் ஸ்டாண்டுக்கும் 7018 தேவையும் இல்லை. வாங்காதீர்கள்.

சேமித்து வைக்க ஒரு பழைய மரப்பெட்டி அல்லது கெட்டுப்போன ஃபிரிட்ஜ் போதும். உள்ளே 40 வாட் குண்டு பல்பு எப்போதும் எரியட்டும், பல்புக்கும் ராடுக்கும் இடையே ஒரு தகடு, மேலே இரண்டு சிறு துளைகள். எல்.இ.டி. பல்பு போட்டுவிட்டு 'காயவில்லை' என்று எழுதாதீர்கள், அதில் சூடு கிடையாது. மழைக்காலத்தில் பெரிய பாக்கெட் வாங்குவதைத் தவிர்த்து, ஒரு கிலோ, இரண்டு கிலோவாக வாங்குவது இன்னும் சுலபம்.

ஈரத்தோடு இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். ராடு எரியாதபோது ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் இருக்கும். காய்ந்த தரையில் அது பெரிய விஷயமில்லை. ஈரத் தரையில், நனைந்த கையுறையோடு, இரும்புச் சட்டத்தின் மேல் சாய்ந்துகொண்டு ராடு மாற்றினால் ஆளைச் சாய்க்கும். காலுக்குக் கீழே காய்ந்த பலகை, மாற்றுக்கு இன்னொரு ஜோடி கையுறை.

வாசகர், ஊட்டி: பாலிஹவுஸில் (பாலித்தீன் குடிலில்) இரண்டு ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப், முறிந்துவிட்டன. நாங்களே வெல்டிங் வைக்கலாமா? புகை பட்டால் பால் குடித்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

பதில்: முதலில் பால். பாலுக்கும் வெல்லத்துக்கும் இந்த விஷயத்தில் ஒரு வேலையும் இல்லை. துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகிவிடும், இரும்பு உருக 1,500 டிகிரி வேண்டும். ஆகவே ஜி.ஐ. மேல் ராடு வைத்தால் வெள்ளைப் புகை கிளம்பாமல் இருக்காது. அதை மூச்சில் இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், உடம்பு வலி, வாயில் உலோகச் சுவை. பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். மூச்சு முட்டினாலோ நெஞ்சு அடைத்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு வெல்டிங் செய்யும் பழக்கம் மலையில் அதிகம். அதுதான் இந்தப் புகையை விட மோசம்.

பாலிஹவுஸ் பைப்பை முடிந்தவரை வெல்டிங் வைக்காதீர்கள். அது கிளாம்ப்பும் போல்ட்டும் போட்டு இணைப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது. பற்று வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும், உள்பக்கத்திலும் எரியும். அங்கே நம்மால் பெயிண்ட் அடிக்க முடியாது. உள்ளே தேங்கும் நீராவி ஓரிரு வருடத்தில் துருவாக்கி மறுபடி முறித்துவிடும். வேறு வழியே இல்லையென்றால், இருபுறமும் 3 முதல் 5 செ.மீ. வரை பூச்சை கிரைண்டரில் எடுத்துவிட்டு, புகைத் துகளை வடிகட்டும் எஃப்.எஃப்.பி.2 முகக்கவசம் போட்டு, காற்று முதுகுக்குப் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் வருமாறு நின்று, 2 மி.மீ. ராடை 45 முதல் 55 ஆம்பியரில் வைத்து, ஒரு செ.மீ. பற்று, ஆறவிடல், அடுத்த செ.மீ. என்று போங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் மெல்லிய பைப்பில் ஓட்டை விழும். ஆறியதும் கசடு தட்டி அன்றைக்கே துத்தநாக ஸ்பிரே அடியுங்கள். ஊட்டிப் பனியில் தேய்த்த இரும்பை ஓர் இரவு விட்டால் காலையில் செம்பழுப்பாகிவிடும். பாலித்தீன் தாளை முதலில் கழற்றுங்கள். ஒரு பொறி போதும்.

வாசகர், பூம்பாறை: ராடு கையில் ஆடுகிறது. மிக் மெஷின் வாங்கினால் சுலபமாமே? கேஸ் இல்லாத மிக் என்றும் ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: மிக் என்பது ராடுக்குப் பதிலாகச் சுருள் கம்பி தானாக வந்து எரியும் மெஷின். பழகுவதற்கு அது சுலபம்தான், மறுக்கவில்லை. ஆனால் பூம்பாறையில் கேஸ் மிக் வேண்டாம். பற்றில் காற்று படாமல் காக்கும் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் தீர்ந்தால் நிரப்புவதற்கு வத்தலக்குண்டு பக்கம் இறங்க வேண்டியிருக்கும். நிமிடத்துக்கு 10 முதல் 12 லிட்டர் போகும் அந்தக் கேஸை மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் வேகக் காற்றே கலைத்துவிடும். உங்கள் ஊரில் அது காற்றே இல்லாத நாள். குளிரும் சேர்ந்துகொள்ளும்: 20 டிகிரியில் சிலிண்டருக்குள் சுமார் 57 பார் அழுத்தம் என்றால், 5 டிகிரியில் 40 பார்தான். ரெகுலேட்டரில் பனி கட்டி கேஸ் நின்றுபோகும், அதற்கு ஹீட்டர் ரெகுலேட்டர் தனிச் செலவு.

கேஸ் இல்லாத மிக்கில் கம்பிக்குள்ளேயே பூச்சு மருந்து இருக்கும், காற்றைத் தாங்கும். இரண்டு விஷயம் தெரிந்து வாங்குங்கள். கம்பியின் விலை ராடைவிடப் பல மடங்கு. அடுத்தது, டார்ச் நெகட்டிவில் இருக்க வேண்டும். கேஸ் மிக்கில் பாசிட்டிவ். உள்ளே கேபிளை மாற்றி மாட்ட மறந்தால் பற்று முழுக்கக் கோழிக்கழிச்சலாகத் தெறிக்கும், எல்லோரும் கம்பியைத் திட்டுவார்கள். ராடு ஆடுவதற்கு மருந்து மெஷினில் இல்லை. இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கி, முழங்கையை மேஜையில் ஊன்றி, 3 மி.மீ. பழைய பட்டையில் ஒரு கிலோ ராடு எரியுங்கள்.

வாசகர், மன்னவனூர்: 5 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்கிறது. அதில் ஓட்டலாமா?

பதில்: 2.5 மி.மீ. ராடுக்கு ஓடும், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ பத்து சதவீத இன்ஜின் சக்தி குறையும். உங்கள் உயரத்தில் அந்த 5 கே.வி.ஏ. கிட்டத்தட்ட நான்குதான். 80 ஆம்பியருக்கு 3.1 கே.வி.ஏ. தேவை. ஏ.வி.ஆர். (வோல்டேஜைச் சீராக வைக்கும் கருவி) உள்ள ஜெனரேட்டராக இருக்கட்டும். ஸ்பார்க் பிளக் கறுத்துக்கொண்டே வந்தால் மெல்லிய காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று அர்த்தம், கார்புரேட்டரில் சிறிய ஜெட் போடச் சொல்லுங்கள். ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்து சத்தம் சீரான பிறகு மெஷினை ஆன் செய்யுங்கள். நிறுத்தும்போது முதலில் மெஷின்.

வாசகி, வெலிங்டன்: மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு வெல்டிங் பழகுகிறான். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் செய்கிறான். கண்ணாடியும் கறுப்புக் கூலிங் கிளாஸ்தான். சொன்னால் கேட்பதில்லை.

பதில்: இதைப் படிக்கச் சொல்லுங்கள் அம்மா. ஊட்டிச் சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான ஸ்வெட்டர் அக்ரிலிக். பொறி பட்டால் அது எரிவதோடு நிற்காது, உருகித் தோலில் ஒட்டும். மேலே கனமான காட்டன் சட்டை அல்லது தோல் ஏப்ரன், குளிருக்கு உள்ளே காட்டன் பனியன் இரண்டு. பேண்ட் நுனியை மடித்துவிடக் கூடாது, பொறி அங்கேதான் தங்கும்.

கூலிங் கிளாஸ் வெல்டிங்குக்கு உதவாது. 2.5 மி.மீ. ராடுக்கு ஷேடு (கண்ணாடியின் கறுப்பு அளவு) 10, 3.15-க்கு 10 அல்லது 11. ஆட்டோ டார்க் ஹெல்மெட் பழகுபவனுக்கு நல்லது, ராடு தொடும் இடம் முன்னாடியே தெரியும். பேட்டரி தீர்ந்த ஹெல்மெட் கறுக்காது, அதனால் ஒவ்வொரு நாளும் முதல் ராடுக்கு முன் சோதிக்கச் சொல்லுங்கள். இரவில் கண்ணில் மணல் கொட்டிய மாதிரி உறுத்தினால் ஆர்க் வெளிச்சம் பட்டிருக்கிறது. தேய்க்க வேண்டாம், கண் டாக்டரிடம் போங்கள். கடையில் மரத்துப்போகும் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்வது கருவிழியைக் கெடுக்கும்.

வாசகர், மஞ்சூர்: தெரிந்த பட்டறையில் பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின் 6,000-க்குத் தருகிறார்கள். செம்புச் சுற்று என்கிறார்கள்.

பதில்: முதல் கேள்வி, அது எந்த வோல்ட்டில் ஓடுவது? பழைய மெஷின்களில் பல 415 வோல்ட், இரண்டு ஃபேஸ். உங்கள் வீட்டில் சிங்கிள் ஃபேஸ் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். 230-இல் ஓடுவதென்றால், 500 வோல்ட் மெக்கரை (மின்காப்பு சரியா என்று அளக்கும் மீட்டர்) வைத்து சப்ளைச் சுற்றுக்கும் வெல்டிங் சுற்றுக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். 5 மெகா ஓமுக்குக் குறைந்தால் வேண்டாம். மழைக்காலத்தில் அளப்பதுதான் சரியான அளவு. செம்பா அலுமினியமா என்பதை எடை சொல்லாது, முனையைச் சுரண்டினால் தெரியும். நல்ல நிலையில் இருந்தால் அந்த மெஷின் உங்கள் பேரன் காலம் வரை ஓடும், ஈரத்துக்கும் தூசிக்கும் இன்வெர்ட்டரைப் போல பயப்படாது. ஆனால் லைனிலிருந்து அதிகம் இழுக்கும், ஏ.சி. என்பதால் 6013 போன்ற ராடுகள்தான் ஒழுங்காக எரியும், நகர்த்த இரண்டு ஆள் வேண்டும்.

அதே வாசகர்: அக்கம்பக்கத்தார் கேட்டை வெல்டிங் வைத்துக் கூலி வாங்கலாமா?

பதில்: வீட்டு இணைப்பில் கூடாது. வீட்டுக் கட்டணம் வீட்டு உபயோகத்துக்குத்தான். கூலி வேலை என்றால் மின்வாரியத்தில் விண்ணப்பித்து, அதற்குரிய தனி இணைப்பு வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.